காலதரும் காசநோயும்

வீட்டுச் சுவரில் அமையும் திறப்பிற்குத் தமிழில் சாளரம், பலகணி, காலதர் எனப் பல பெயர்கள் உண்டு. பல கண்களையுடையது பலகணி. அது தோற்றம் பற்றிய பெயர். காலதர் என்பதோ பயன் பற்றிய பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரம் ஆளும் இச்சொல், சாளரம் சுவருக்கு அணியன்று, காற்று வந்து போகும் பாதை என்பதை உணர்த்தி நிற்கிறது. நெடுநல்வாடை காட்டும் மூதூரில், தென்றலை வரவேற்ற சாளரங்களின் கதவுகள் கூதிர்க்காலத்தில் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. திறக்கவும் மூடவும் காலமறிந்த வாழ்வு அது. மனிதர் வாழும் கட்டடம் அவர்தம் உடல்நலத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பதைக் காசநோயின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டடமே மருந்தாக

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், நோய்களுக்குக் காரணம் கெட்ட காற்றே என ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பினர். 1859இல் மருத்துவமனைகள் பற்றி நூல் எழுதிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சாளரங்களும் கொண்ட நீண்ட கூடங்களை வற்புறுத்தினார். 1882இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது பழைய நம்பிக்கை தளர்ந்தது. ஆயினும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்படும்வரை, அக்கிருமியை வெல்லத்தக்க மருந்துக்கு உலகம் அறுபதாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவ்விடைக்காலத்தில் மருத்துவர் பெரிதும் நம்பியவை ஓய்வு, உணவு, வெயில், காற்று ஆகியனவே. அவற்றை ஓரிடத்தே திரட்டித் தர எழுந்த கட்டடமே சானடோரியம்.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத பெயர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் சானடோரியம் ஒன்றை நடத்தினார். கணிதமேதை இராமானுஜன் 1917இல் அங்குத் தங்கிச் சிகிச்சை பெற்றார். அன்று காசம் எனக் கருதப்பட்ட அவரது பிணி வேறாதல் கூடும் என்பர் பிற்கால ஆய்வாளர் சிலர். பிணி எதுவாயினும், இங்கிலாந்தில் அவர் சிகிச்சை பெற்ற காலத்தில் திறந்த அறைகளின் குளிர் அவரை வாட்டியது. வெப்பநாட்டில் வளர்ந்த உடலுக்குத் திறந்த சாளரமே துன்பமாயிற்று.

சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அங்குள்ள இரயில் நிலையம் இன்றளவும் சானடோரியம் என்றே வழங்குகிறது.

சென்னை அளித்த தீர்ப்பு

மருந்துகள் வந்தபின் ஒரு வினா எழுந்தது. நோயாளிகளோ மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில. வீட்டிலிருந்தே மருந்துண்டால் நோய் தீருமா? இவ்வினாவுக்கு விடைகாண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் இணைந்தன. நகரின் வறிய நோயாளிகள் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தனர். மற்றவர் தத்தம் நெரிசலான வீடுகளில் இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன.

1959இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. வீட்டில் இருந்தோர்க்கு நல்லுணவும் போதிய ஓய்வும் குறைவு. எனினும் குணமடைந்தோர் விகிதத்தில் இரு பிரிவினர்க்கும் பெரிய வேறுபாடில்லை. அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தார்க்கும் வீட்டுச் சிகிச்சையால் நோய் மிகவில்லை. சானடோரியங்களின் காலம் முடிவுற்றது. வறியவன் குடும்பத்தைப் பிரியாமலே நலம்பெறலாம் என்னும் நற்செய்தி சென்னையிலிருந்து உலகெங்கும் சென்றது. நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி அது.

தீர்ப்பின் மறுபக்கம்

ஆனால் அத்தீர்ப்பை உலகம் சற்றே பிழைபடப் படித்தது என்பது என் கருத்து. மருந்து உண்பவனைக் குணப்படுத்த மாளிகை வேண்டா என்பதே சென்னை ஆய்வு சொன்னது. நோய் வராமற் காக்கவும் வீடு பொருட்டன்று என அது சொல்லவில்லை. குடும்பத்தார்க்கு நோய் மிகாமைக்கும் காரணம் உண்டு. மருந்து தொடங்கியபின் நோயாளியிடமிருந்து கிருமி பரவுவது விரைவில் குறைகிறது. பரவுதல் பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே, காற்றோட்டமற்ற அறைகளில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

அதே 1950களின் பிற்பாதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் ஆய்வு தொடங்கியது. காசநோயாளர் கூடத்துக் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகளின் கூண்டறைக்குச் செலுத்தினர். நோயாளியைக் கண்டறியாத அவ்வுயிர்கள் காற்றொன்றாலேயே நோயுற்றன. நைட்டிங்கேல் சொன்ன காரணம் பிழை. அவர் கேட்ட சாளரம் சரி.

2007இல் பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளை அளந்தோர், உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் உடைய பழங்கட்டடங்களில் ஒரு மணி நேரத்தில் 40 முறை காற்று மாறுவதையும், புதிய கட்டடங்களில் சாளரங்களைத் திறந்தபோதும் 17 முறையே மாறுவதையும் கண்டனர். மும்பையில் குடிசைவாழ் மக்களுக்கென எழுப்பப்பட்ட அடுக்குமாடிகளைப் பற்றிய ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. மிக நெருக்கமாகக் கட்டப்பட்டு, கீழ்த்தளங்களில் வெளிச்சமும் காற்றும் புகாத குடியிருப்புகளில் காசநோய் மிகுந்திருந்ததை அது காட்டியது. குடிசையை விட்டு உறுதியான கூரைக்கு வந்தோர், அக்கூரையின் கீழேயே நோய்க்கு ஆளாயினர்.

நிறைவாக

மருந்து கண்ட பெருமிதத்தில் காற்றின் வழியை மறந்தது நம் நூற்றாண்டின் குறை. இன்று வறியோர்க்கு வீடு கட்டுவோர் சதுர அடியைக் கணக்கிடுகின்றனர். இரு சுவர்களுக்கிடையே காற்று செல்லும் அகலத்தைக் கணக்கிடுவோர் சிலரே. கவிஞர்கள் சாளரத்தின் வழியே நிலவைக் கண்டு பாடியது போதாது. நிலவு தெரியாத சாளரங்களையும் பாட வேண்டும். காலதர் என்று பெயரிட்ட மொழிக்கு, காற்று வாராத சாளரத்தைக் குறை சொல்லும் உரிமையும் கடமையும் உண்டு.