குடிக்காதவரின் ஈரல்

எகிப்தில் சக்காரா என்னும் இடத்திலுள்ள பழங்காலக் கல்லறைச் சுவர்களில் ஒரு காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ஆட்கள் வாத்துகளின் கழுத்தைப் பிடித்து, அலகைப் பிளந்து, தீனியை உள்ளே திணிக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய சிற்பம் அது. பிற்கால ரோமானியர்கள் அத்திப்பழத்தை ஊட்டி இதே வேலையைச் செய்தார்கள். அப்படி வளர்த்த பறவையின் ஈரல் பெருத்து, வெளிறி, வெண்ணெய்போல் மெதுவாக இருக்கும். ‘அத்தி ஊட்டிய ஈரல்’ என்பதற்கு இலத்தீனில் ‘ஈக்கூர் ஃபிகாட்டும்’ என்று பெயர். ‘ஈக்கூர்’ என்றால் ஈரல். ‘ஃபிகாட்டும்’ அத்தியைக் குறிப்பது. நாளடைவில் முதற்சொல் உதிர்ந்துபோய், அத்தி மட்டும் நின்றது. இன்று இத்தாலியரின் ‘ஃபெகாத்தோ’, பிரெஞ்சுக்காரரின் ‘ஃபுவா’ இரண்டும் அதிலிருந்து பிறந்தவை. இரண்டுக்கும் ஈரல் என்றே பொருள். கொழுத்த ஈரலின் பெயரே எல்லா ஈரலுக்கும் பெயராகிவிட்டது, பாருங்கள்!

ஆக, மிதமிஞ்சித் தின்றால் ஈரலில் கொழுப்பேறும் என்பது சமையற்காரனுக்கு அன்றே தெரியும். வாத்துக்கு நேர்வது மனிதனுக்கும் நேரும் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் இத்தனை தாமதம்?

இடையில் மது குறுக்கே வந்து நின்றதுதான் காரணம். 1836-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன், குடிப்பழக்கம் உள்ளவர்களின் ஈரலில் கொழுப்பு படிவதை விவரித்தார். 1911-இல் பாஸ்டன் நகரின் நோய்க்குறியியல் அறிஞர் ஃபிராங்க் மல்லோரி, குடியால் கெட்ட ஈரலின் செல்களுக்குள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட ஒருவகைப் புரதக் கட்டிகளைக் கண்டார். ‘மல்லோரி உருக்கள்’ என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. அதன்பிறகு, உருப்பெருக்கியில் கொழுப்பும் அழற்சியும் மல்லோரி உருக்களும் சேர்ந்து தெரிந்தால், நோயாளி குடிகாரர் என்று முடிவு கட்டிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இன்னொரு தடையும் இருந்தது. உயிரோடிருப்பவரின் ஈரலை எப்படிப் பார்ப்பது? 1939-இல் கோபன்ஹேகனில் இவர்சன், ரோஹோல்ம் என்ற இருவர், ஊசி செலுத்தி ஈரலின் சிறு துணுக்கை எடுத்து ஆராயும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகே அது பரவலாகச் சாத்தியமாயிற்று.

இந்த ஊசியைக்கொண்டுதான் அமெரிக்காவில் சாமுவேல் ஜெல்மன் 1952-இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். மருத்துவமனை ஊழியர் ஒருவர் நாளொன்றுக்கு இருபது புட்டிக்குமேல் இனிப்புக் குளிர்பானம் குடித்துவந்தார். அவருடைய ஈரலில் கொழுப்பு இருந்தது. சர்க்கரைதான் காரணமோ என்று ஐயுற்ற ஜெல்மன், உடல் பருத்த 20 பேரின் ஈரலை ஆராய்ந்தார். ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் குறிப்பிடத்தக்க அளவு கொழுப்பு இருந்தது. ஆனாலும் அந்தக் கட்டுரையை அதிகம் பேர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இனி 1980-க்கு வருவோம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில் யூர்கன் லுட்விக் என்ற ஜெர்மானியர் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்தார். அவரிடம் வந்த ஈரல் துணுக்குகளில் 20 பேருடையவை விசித்திரமாக இருந்தன. கொழுப்பு, அழற்சி, மல்லோரி உருக்கள், தழும்பு என்று குடிகாரர் ஈரலின் எல்லா அடையாளங்களும் இருந்தன. நோயாளிகளோ தாங்கள் குடிப்பதில்லை என்று சாதித்தார்கள். பலர் பெண்கள். பெரும்பாலோர் ஓரளவு பருமனானவர்கள். நீரிழிவும் பித்தப்பைக் கல்லும் அவர்களிடையே அடிக்கடி காணப்பட்டன. பொய் சொல்கிறார்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. லுட்விக் குழுவினர் அப்படிச் செய்யாமல், நோயாளிகளின் சொல்லை ஆதாரமாகவே எடுத்துக்கொண்டார்கள். அதுவரை பெயரில்லாதிருந்த அந்த நோய்க்கு, ‘மது சாராக் கொழுப்பு ஈரல் அழற்சி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். பெயர் என்னவோ ‘அல்லாதது’ என்ற எதிர்மறையில்தான் தொடங்கியது. எனினும் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நடந்துவந்த கசப்பான வாக்குவாதம் அத்தோடு குறைய வழி பிறந்தது.

குறைந்ததே தவிர ஒழிந்துவிடவில்லை. என் பெரியப்பாவுக்கு வெற்றிலை பாக்கைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று வந்ததும், இளம் மருத்துவர் ஒருவர் “தினமும் எவ்வளவு குடிப்பீர்கள்?” என்று மூன்று முறை கேட்டார். கோப்பில் ‘மது’ என்றெழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். பெரியம்மா அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

சரி, கொழுப்பு சும்மா கிடக்கும் பொருள்தானே, அது ஏன் அழற்சியை மூட்டவேண்டும்? வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பிலிருந்து வரும் இரத்தம், போர்ட்டல் சிரை வழியே நேராக ஈரலுக்குப் போகிறது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது, கொழுப்பு அமிலங்கள் இந்த வழியில் பெருக்கெடுத்து வருகின்றன. சர்க்கரையிலிருந்து ஈரலும் தன் பங்குக்குக் கொழுப்பைச் செய்துகொள்கிறது. 1993-இல் ஹாட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளைச் சுரப்பதைக் காட்டினார்கள். கொழுப்பு வெறும் கிடங்கு என்ற எண்ணம் அதோடு ஆட்டங்கண்டது. பருத்த உடலின் கொழுப்புத் திசுவுக்குள் வெள்ளணு வகையைச் சேர்ந்த விழுங்கு செல்கள் குடியேறிவிடுவதாக 2003-இல் தெரிந்தது. ஈரலில் அழற்சி நீடித்தால் நட்சத்திர வடிவச் செல்கள் விழித்துக்கொண்டு நாரை நெய்யத் தொடங்கும். அந்தத் தழும்பு முற்றினால் ஈரல் இறுகி, ‘சிர்ரோசிஸ்’ ஆகிவிடும்.

பருமன் என்றதும் நூறு கிலோ ஆளைக் கற்பனை செய்யாதீர்கள். மேற்கு வங்காளத்தின் கிராமப்புறத்தில் நடந்து, 2010-இல் வெளியான ஆய்வில், கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் பெரும்பாலோர் எடையளவில் பருத்தவர்களே அல்லர்.

இறுகுவது என்றவுடன் இயற்பியல்காரனுக்குக் கை பரபரக்கிறது. ஊசி குத்தாமலே ஈரலின் விறைப்பை அளக்கும் கருவி ஒன்றைப் பற்றிப் பாரிஸிலிருந்து 2003-இல் கட்டுரை வெளிவந்தது. வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையே ஒரு துழாவியை வைத்து, நொடிக்கு 50 அதிர்வுள்ள ஒரு மெல்லிய தட்டுத் தட்டுகிறார்கள். அதனால் ஈரலில் ஒரு குறுக்கலை கிளம்புகிறது. நல்ல ஈரலில் அதன் வேகம் நொடிக்கு 1.3 மீட்டர் அளவுதான். நாம் நடக்கிற வேகம்! அதே துழாவியிலிருந்து புறப்படும் கேளா ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் போய்வந்து, நடந்து செல்லும் அலையை அடிக்கொருதரம் படம் பிடிக்கிறது. வேகம் தெரிந்தால் விறைப்பு தெரிந்துவிடும். அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மூன்றால் பெருக்கினால் யங் குணகம். வேகம் 1.3 என்றால் சுமார் 5 கிலோபாஸ்கல்; 2 என்றால் 12. வேகத்தின் வர்க்கம் வருவதால், சிறு வேக மாற்றமும் பெரிதாகத் தெரியும் என்பதைக் கவனியுங்கள். 8-க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. சாப்பிட்ட உடனே அளந்தால் எண் ஏறிவிடும். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும்.

யாருக்கு இந்தச் சோதனை அதிகம் தேவையோ அவர்களிடமே கருவி முதலில் திணறிற்று. பருத்தவர்களின் தோலுக்கும் ஈரலுக்கும் இடையிலிருந்த கொழுப்பு ஒலியை விழுங்கிவிட்டது. அதிர்வெண் கூடக்கூட ஒலி விரைவில் தேயும் என்பது கல்லூரிப் பாடம். எனவே 3.5 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 2.5-இல் இயங்கும் பெரிய துழாவி ஒன்றைச் செய்தார்கள். படத்தின் நுட்பம் சற்றுக் குறைந்தாலும், ஒலி ஆழமாகப் போயிற்று.

தழும்பு திரும்புமா? திரும்பும். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டிலும் நடையிலும் ஈடுபடுத்தி, ஊசிச் சோதனையும் செய்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்களுள் 90 விழுக்காட்டினருக்கு ஈரல் அழற்சி நீங்கியது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே குறைந்தது. ஒன்று சொல்லவேண்டும்: பட்டினி கிடந்து அவசரமாக இளைத்தால் பித்தநீரில் கொலஸ்டிரால் மிகுந்து, பித்தப்பையில் கல் உண்டாகலாம். இந்நோய்க்கான முதல் மருந்தாக ரெஸ்மெட்டிரோம் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2025-இல் செமாக்ளூடைடும் சேர்ந்தது.

2023-இல் லுட்விக் வைத்த பெயரையும் மாற்றிவிட்டார்கள். ‘மது’ என்ற சொல்லும் ‘கொழுப்பு’ என்ற சொல்லும் நோயாளியை இழிவுபடுத்துகின்றன என்று கருதி, வளர்சிதைமாற்றக் கோளாற்றை முன்னிறுத்திப் புதுப்பெயர் சூட்டினார்கள்.

பெரியப்பா இவற்றையெல்லாம் அறியார். இரவுச் சோற்றைக் குறைத்து, விடியற்காலையில் ஏரிக்கரையில் நடந்து, ஓராண்டில் 84 கிலோவிலிருந்து 76-க்கு வந்தார். 9.8 ஆக இருந்த விறைப்பு 6.9 ஆயிற்று. கோப்பில் அந்தக் கேள்விக்குறி இன்னும் இருக்கிறது. பெரியம்மா அதை அடித்துத் தரச்சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.