இரண்டு லாசர்கள்

புனிதர் பட்டத்துக்கு அற்புதம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அற்புதத்தை ரோமில் எப்படி பரிசீலிக்கிறார்கள் என்று படித்தபோதுதான், காலமெல்லாம் லோன் ஃபைல் புரட்டிய எனக்கு சுவாரசியம் தட்டியது. விண்ணப்பம், சாட்சிகளின் வாக்குமூலம், மருத்துவ ரெக்கார்டுகள், நிபுணர் குழு, அதற்கு மேல் இறையியலாளர் குழு, அதற்கு மேல் கர்தினால்கள், கடைசியில் போப்பின் கையெழுத்து. எங்கள் ஹெட் ஆபீஸ் தேவலாம் என்று தோன்றிவிட்டது :-)

நான் சொல்ல வந்தது எங்கள் ஊர்க்காரரான தேவசகாயத்தின் ஃபைல் பற்றி.

பொன்முடி மலையும் நட்டாலத்து வயலும் ஒரே ராஜ்யத்தில் இருந்த காலம் அது. 1956 நவம்பர் 1-ல்தான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் திருவிதாங்கூர் பிரஜைகள். தலைநகரம் கூட அப்போது திருவனந்தபுரம் இல்லை, பத்மநாபபுரம். அங்கே மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர் நீலகண்ட பிள்ளை. பிறந்தது நட்டாலத்தில், 1712-ல். கருவூலப் பொறுப்பில் இருந்தார் என்பார்கள். ஆக, ஒரு வகையில் நம்ம டிபார்ட்மென்ட்.

1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்ட டி லனாய் என்ற அதிகாரியை மகாராஜா சிறையில் வைத்து வீணாக்கவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்கவும் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தவும் வைத்துக்கொண்டார். அங்கேதான் நீலகண்ட பிள்ளைக்கும் அவருக்கும் நட்பு. பிள்ளைக்கு அப்போது கெட்ட காலம். மாடுகள் செத்தன, பயிர் போயிற்று, வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று. நண்பரிடம் புலம்பினார். டி லனாய் பதிலுக்குச் சொன்னது யோபுவின் கதை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். "ஜெபம் பண்ணு, மாடு பிழைக்கும்" என்று டி லனாய் சொல்லவில்லை. எல்லாம் இழந்தும் கடவுளை விடாத ஒருவனின் கதையைத்தான் சொன்னார். பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி, ராஜ்யத்துக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்குப் போய், 1745 மே 14 அன்று இயேசு சபை குரு பரஞ்சோதிநாதரிடம் (புத்தாரி என்ற இத்தாலியர்) ஞானஸ்நானம் பெற்றார். எந்த நோயும் தீரவில்லை, எந்த அற்புதமும் நடக்கவில்லை. மீட்பு மட்டும் கிடைத்தது என்று நம்பினார்.

அவருக்கு வைத்த பெயர் லாசர். கடவுளே துணை என்று பொருள், அதன் தமிழ்தான் தேவசகாயம். நற்செய்தியில் லாசர் என்று இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர், செத்து நாலு நாள் கழித்து கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர். இன்னொருவர், இயேசு சொன்ன உவமையில் வரும் ஏழை. உடம்பெல்லாம் புண்ணோடு பணக்காரன் வாசலில் கிடப்பார். யாரும் அவரைக் குணப்படுத்துவதில்லை. அப்படியே செத்துப்போவார், செத்தபின் ஆபிரகாமின் மடியில் இருப்பார். சுகம் கிடைத்த லாசர் ஒருவர், சுகம் கிடைக்காமலே கரையேறிய லாசர் இன்னொருவர்.

நம்ம லாசர் இரண்டாவது ரகம். 1749-ல் கைதானார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்ப மரத்தில் மாதக்கணக்கில் கட்டி வைத்தார்கள். 1752 ஜனவரி 14, பொங்கல் சமயம், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கேரள வரலாற்றாசிரியர்கள் சிலர், திருவிதாங்கூரில் மதம் மாறியதற்காகக் கொல்லும் வழக்கமே கிடையாது, காரணம் வேறு என்று வாதிடுகிறார்கள். என் கணக்கில் ஆவணத்தின் தேதிக்கு மதிப்பு அதிகம். 1756-லேயே, சம்பவம் நடந்து நாலே வருடத்தில், கொச்சி ஆயர் இந்தச் சாவைப் பற்றி ரோமுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். அதை வெறும் பிற்காலக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

அந்த அறிக்கை போன சமயம் போப்பாக இருந்தவர் பதினான்காம் பெனடிக்ட். போப் ஆவதற்கு முன், லம்பெர்தினி என்ற பெயரில், புனிதர் பட்ட விதிமுறைகளைப் பெரிய புத்தகமாக எழுதியவர் அவரேதான். குணமடைதல் அற்புதம் ஆக வேண்டுமானால் நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், சட்டென்று குணமாக வேண்டும், முழுசாகக் குணமாக வேண்டும், திரும்ப வரக்கூடாது, மருந்தால் ஆனதாக இருக்கக்கூடாது. இன்றுவரை அடிப்படை இதுதான். அவர் போப் ஆனது 1740, இறந்தது 1758. மார்த்தாண்ட வர்மா இறந்ததும் 1758-ல்தான். ஒருவர் ஆட்சியில் தேவசகாயம் கொல்லப்பட்டார், மற்றவர் எழுதிய விதிப்படி புனிதரானார்.

ஆனால் எத்தனை தாமதம்! 1780-ல் கேரளத்திலிருந்து ரோம் போன கரியாட்டில் மல்பான் மனு கொடுத்தார். 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். மறைசாட்சி என்பதால் அதற்கு அற்புதம் தேவைப்படவில்லை. புனிதர் ஆக ஒன்று வேண்டும். 2013-ல் குமரி மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவருக்கு, 24-வது வாரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு இல்லை என்று சொல்லப்பட்டது. தேவசகாயத்திடம் வேண்டினார்கள், துடிப்பு திரும்பியது, குழந்தை பிறந்தது. ரோமின் மருத்துவர் குழு இதை அற்புதம் என்று சொல்லாது, அது அவர்கள் வேலையும் இல்லை. மருத்துவத்தால் விளக்க முடியவில்லை என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். 2020 பிப்ரவரியில் ஒப்புதல், 2022 மே 15-ல் பட்டம். மனு கொடுத்து 242 வருடம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. எந்தச் சுகமும் கேட்காமல் நம்பியவர், இன்னொருவருக்குச் சுகம் கிடைத்த பிறகுதான் புனிதர் ஆக முடிந்தது. இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இங்கே நான் வேலை பார்க்கும் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை கூடி ஜெபிப்பது வழக்கம். வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் போகும் ஒருவரிடம், நல்ல எண்ணத்தோடுதான், "அண்ணே, உங்க விசுவாசத்துலதான் ஏதோ குறை" என்று ஒருவர் சொன்னார். அந்த அண்ணன் பதில் பேசாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நோயை விட இந்த வார்த்தைதான் அவரை அதிகம் படுத்தியிருக்கும்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் மொழியிலேயே இருக்கிறது. கிரேக்க நற்செய்தியில் நோயிலிருந்து காப்பதற்கும் பாவத்திலிருந்து காப்பதற்கும் ஒரே வினைச்சொல், 'சோசோ'. அதனால்தான் பழைய தமிழ் பைபிளில், பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கில் கஷ்டப்பட்ட பெண் குணமானதற்கும் 'இரட்சித்தது' என்றே போட்டிருக்கிறார்கள். (கத்தோலிக்கர்கள் மீட்பு என்பதைத்தான் மற்ற சபையினர் இரட்சிப்பு என்கிறார்கள்.) சொல் ஒன்று என்பதால் சரக்கும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால், சுகமாகாதவன் இரட்சிக்கப்படாதவன் ஆகிவிடுகிறான். அப்படியானால் வேப்ப மரத்தில் கட்டப்பட்டிருந்த லாசரை எந்தக் கணக்கில் வைப்பது?

மக்கள் என்னவோ அவரைச் சுகத்தோடுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த வேப்பிலையால் நோய் தீர்ந்தது என்று கதை உண்டு. புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் தவித்தவர் முட்டியால் இடித்ததும் பாறையில் தண்ணீர் ஊறியதாம். முட்டிடிச்சான் பாறை என்று பெயர், இன்றும் ஆட்கள் வந்து அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள்.

டி லனாயின் உதயகிரிக் கோட்டையும் அதே புலியூர்க்குறிச்சியில்தான். நண்பர் கொல்லப்பட்ட பிறகும் அவர் இருபத்தைந்து வருடம் அந்த ராஜாவுக்கும் அடுத்த ராஜாவுக்கும் தளபதியாக வேலை பார்த்து, 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் இடிந்த கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது.