குணமடைதலின் வரலாறு
முன்னிற்குஞ் சுரப்பிச் சத்திரசிகிச்சை: பிறேயரின் விரல் முதல் லேசர் ஒளி வரை

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாற்றையுமே எழுதிவந்துள்ளனர். சத்திரசிகிச்சை முடிந்த பின்னர் நோயாளர் எத்தனை நாள் கட்டிலிற் கிடந்தார், எத்தகைய வேதனையை அனுபவித்தார், எப்பொழுது தம் தொழிலுக்கு மீண்டார் என்பன அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகின்றன. முதியோரான ஆண்களை வாட்டும் முன்னிற்குஞ் சுரப்பி வீக்கத்தைப் பொறுத்தவரை இந்நோக்கு பெருங் குறைபாடுடையது. இந்நோய்க்கான சிகிச்சை கடந்த ஒன்றேகால் நூற்றாண்டில் அடைந்த மாற்றங்கள் யாவும் ‘நோயாளர் எவ்வாறு குணமடைகிறார்?’ என்ற வினாவினாலேயே உந்தப்பட்டவை. இன்று லேசர் ஒளி கொண்டு செய்யப்படும் சத்திரசிகிச்சையும் அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றாகும். இக்கண்ணோட்டத்தில் அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் நாணமும்

சிறுநீர்ப்பையின் வாயிலில், சிறுநீர் வழியைச் சூழ்ந்து அமைந்திருப்பது முன்னிற்குஞ் சுரப்பி. ‘முன்னே நிற்பது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் நேர்த்தமிழாக்கமே இப்பெயர். வயது ஏற ஏற இச்சுரப்பியின் உட்பகுதி பருக்கின்றது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடமும் எண்பதைக் கடந்தோருள் மிகப் பெரும்பாலானோரிடமும் இப்பருமனைக் காணலாம். எல்லோரும் இதனால் துன்புறுவதில்லை. ஆயின் சிலருக்குச் சிறுநீர் வழி நெருக்குண்டு, ஒரு நாள் முற்றாக அடைபட்டுவிடும். எமது ஊர்களில் ‘சலம் கட்டிவிட்டது’ என்று இதனைக் கூறுவர். சுசுருத சங்கிதை பன்னிரண்டு வகையான மூத்திராகாதங்களை வகுத்துக் கூறுவதும், சித்தமருத்துவத்தில் நீரடைப்பு என்பது தனிநோயாக எண்ணப்படுவதும் இத்துன்பத்தின் பழைமையைக் காட்டுவன.

நெடுங்காலமாக இதற்கிருந்த ஒரே நிவாரணம் வடிகுழாய். வெள்ளியினாலும் பின்னர் றப்பரினாலும் செய்யப்பட்ட குழாயைச் சிறுநீர் வழியாகச் செலுத்தி நீரை வெளியேற்றினர். பெஞ்சமின் பிராங்கிளின் 1752இல் நோயுற்ற தம் சகோதரருக்காக வளையக்கூடிய வெள்ளிக் குழாயொன்றைச் செய்வித்தார் என்பது வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாளொன்றுக்குப் பலமுறை தாமே குழாயிட்டு வாழ்ந்த முதியவர்கள் பலர். கைத்தடிக்குள்ளும் குடைக்குள்ளும் அதனை மறைத்துக்கொண்டு அவர்கள் நடமாடினர். கிருமிகள் பற்றிய அறிவு பரவாத அக்காலத்தில் அக்குழாயே தொற்றைக் கொண்டுசென்றது. காய்ச்சலும் சிறுநீரகச் சிதைவும் தொடர்ந்தன. நோயினால் இறந்தோர் ஒருபுறமிருக்க, நிவாரணத்தினால் இறந்தோரும் பலர் எனலாம். குழாயை மறைத்த நாணமே நோயையும் மறைத்தது என்பதனை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பிறேயரின் விரல்

இந்நிலையிற் சுரப்பியின் பருத்த பகுதியையே அகற்றிவிடும் முயற்சிகள் 1880களில் தலையெடுத்தன. லீட்சு நகரில் மக்கில் என்பார் அடிவயிற்றின் வழியே அதன் ஒரு பகுதியை அகற்றினார். நியூயோர்க்கில் இயூஜின் புல்லர் 1890களின் நடுப்பகுதியில் பருமன் முழுவதையும் தோண்டியெடுத்தார். எனினும் இம்முறையை உலகறியச் செய்தவர் அயர்லாந்தவரான பீற்றர் பிறேயர். ஏறத்தாழ இருபதாண்டுகள் இந்திய மருத்துவச் சேவையிற் பணியாற்றி, வட இந்தியாவில் சிறுநீர்ப்பைக் கற்களை உடைத்தெடுப்பதிற் பெயர்பெற்றவர் இவர். இலண்டன் திரும்பியபின், 1900 டிசெம்பரில் அடிவயிற்றைக் கீறிச் சிறுநீர்ப்பையைத் திறந்து, பருமனைத் தம் விரலாலேயே பிரித்தெடுத்தார். தோடம்பழத்தின் தோலுக்கும் சுளைக்கும் இடையே விரலைச் செலுத்திச் சுளையைக் கழற்றுவது போன்றது இது. வெளித்தோல் உடலில் தங்கிவிடும்; அடைப்பை ஏற்படுத்திய உட்பகுதி மட்டும் வெளிவரும். 1901 யூலையில் நான்கு நோயாளரைப் பற்றிய விரிவுரையை வெளியிட்ட அவர், 1912இல் ஆயிரம் நோயாளரைப் பற்றி எழுதினார். இம்முறையின் முதலுரிமை தமக்கா புல்லருக்கா என்பது பற்றி எழுந்த விவாதம் நெடுநாள் நீடித்தது.

அவ்விவாதத்தை விட எமக்கு முக்கியமானது நோயாளரின் நிலை. விரலாற் பிரித்தெடுத்த இடம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருந்தது. குருதி கசிவதைத் தடுக்கத் தையலிடும் வழியில்லை. வயிற்றுக் காயத்தினூடாகப் பருத்த குழாயொன்றை வைத்து, சிறுநீர்ப்பையைக் கழுவிக்கொண்டிருப்பர். நாட்கணக்காகச் சிறுநீர் வயிற்றினாலேயே வழியும். துணிகளும் படுக்கையும் நனைந்து நாறும். காயம் மூடி, இயல்பான வழியிற் சிறுநீர் இறங்கப் பல வாரங்கள் செல்லும். சிறுநீரகம் நலிந்தோருக்கு முதலில் நீரை வடியவிட்டு, உடல் தேறியபின் மறுமுறை சத்திரசிகிச்சை செய்யும் வழக்கமும் இருந்தது. அத்தகையோர் மாதக்கணக்கில் வைத்தியசாலையிற் கிடந்தனர்.

இவ்வாறு கிடக்க வசதியுடையோர் யாவர் என்பதும் சிந்திக்கற்பாலது. 1912இல் பாரிசில் இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஜோர்ஜ் கிளெமென்சோவைத் தனியார் மருத்துவமனையிற் கன்னியர் பராமரித்தனர். அவர் தேறியெழுந்து, 1917இல் எழுபத்தாறு வயதிற் பிரான்சின் பிரதமராகி, முதலாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் நாட்டை வழிநடத்தினார். நாட்கூலியை நம்பி வாழ்ந்த தொழிலாளிக்கோ பல வாரப் படுக்கை என்பது குடும்பத்தின் பட்டினியாகும். குணமடையும் காலத்தைக் குறைப்பது மருத்துவ வினாவாக மட்டுமன்றிச் சமூக வினாவாகவும் இருந்தமைக்கு இதுவே காரணம்.

படுக்கையைக் குறைத்தோர்

பிறேயருக்குப் பிந்திய அரைநூற்றாண்டின் முயற்சிகள் இரு வழிகளிற் சென்றன. முதலாவது, திறந்து செய்யும் சத்திரசிகிச்சையைச் சீர்செய்தல். சிட்னி நகரின் ஹறி ஹறிஸ் 1920களின் பிற்பகுதியில் குருதி கசியும் இடத்தைத் தையலிட்டு, சிறுநீர்ப்பையை உடனேயே மூடினார். வயிற்றினாற் சிறுநீர் வழியும் அவலம் இதனாற் குறைந்தது. 1945 டிசெம்பரில் இலண்டனிற் பணியாற்றிய றெறென்ஸ் மிலின் சிறுநீர்ப்பையைத் திறவாமலே, அதன் முன்பக்கமாகச் சுரப்பியை நேரே அணுகும் முறையை வெளியிட்டார். இவற்றுக்கிடையில் அமெரிக்கரான பிறெடெரிக் போலி 1930களில் உருவாக்கிய, நுனியில் ஊதும் பையுடைய வடிகுழாய் தானே வழுவாமல் நின்றது. அது நீரையும் வடித்தது. குருதிக் கசிவை அழுத்தவும் உதவியது. பெனிசிலின், குருதி வங்கி, நோயாளரை விரைவில் எழுந்து நடக்கவிடும் புதிய வழக்கம் ஆகிய யாவும் சேர்ந்து படுக்கை நாட்களைக் குறைத்தன.

இரண்டாவது, வயிற்றைக் கீறாமற் சிறுநீர் வழியாகவே செல்லுதல். மக்ஸ் நிற்ஸே 1879இல் வியன்னாவிற் காட்டிய சிறுநீர்ப்பை நோக்குகருவி இதற்கு அடிகோலியது. நியூயோர்க்கைச் சேர்ந்த மக்சிமிலியன் ஸ்ரேர்ன் 1926இலும், ஜோசெப் மக்கார்தி 1930களின் தொடக்கத்திலும் மின்சாரக் கம்பி வளையத்தினாற் பருமனைச் சீவியெடுக்கும் கருவியைச் செம்மைப்படுத்தினர். வயிற்றில் வடு இல்லை. சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் ஒரு புதிய ஆபத்தும் உடன்வந்தது. சீவும் இடத்தைக் கழுவப் பயன்பட்ட தூய நீர் திறந்த நாளங்களினூடே உடலிற் கலந்து செங்குருதிக் கலங்களைச் சிதைத்தது. 1940களின் பிற்பகுதியில் இது உணரப்பட்டு, கிளைசின் கரைசல் புகுத்தப்பட்டது. அதன் பின்னரும் குருதியின் சோடியம் தாழ்ந்து மனக்குழப்பமும் வலிப்பும் ஏற்படும் ஆபத்து நீங்கவில்லை. ஆகையாற் சத்திரசிகிச்சையின் நேரத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. மிகப் பருத்த சுரப்பிகளை இம்முறையிற் சீவ முடியவில்லை.

ஒரு பிரதமரின் அச்சம்

குணமடைதல் பற்றிய எண்ணமே அரசியல் வரலாற்றைத் திசைதிருப்பிய நிகழ்வொன்றும் உண்டு. 1963 ஒக்டோபர் 8ஆம் நாள் பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் மக்மில்லன் சலம் அடைபட்ட நிலையில் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். 10ஆம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது. அதே நாளில் அவர் பதவி விலகப்போகும் செய்தி பிளாக்பூலிற் கூடியிருந்த கட்சி மாநாட்டில் வாசிக்கப்பட்டது. நெடுங்காலம் செயலற்றுக் கிடக்க நேருமென்றும், புற்றுநோயாக இருக்கலாமென்றும் அவர் அஞ்சினார். 18ஆம் நாள் மகாராணியார் வைத்தியசாலைக்கே சென்று அவரது விலகலை ஏற்றார். நோயோ சாதாரண வீக்கம் என்று தெரியவந்தது. மக்மில்லன் 1986 வரை, தொண்ணூற்றிரண்டு வயது வரை வாழ்ந்தார். ஆறு மாதங்கள் கழித்து, 1964 ஏப்பிரலில் பிரான்சின் சனாதிபதி டி கோல் இதே நோய்க்காகப் பாரிசிற் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். முன்கூட்டிப் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அவர் தென் அமெரிக்காவின் பத்து நாடுகளைச் சுற்றிவந்தார். நோய் ஒன்று, மருத்துவக் காலமும் ஒன்று; குணமடைதல் பற்றிய எதிர்பார்ப்பு மட்டுமே வேறு. ஒருவர் பதவியை இழந்தார், மற்றவர் உலகை வலம்வந்தார். மக்மில்லன் விலகியமைக்கு அரசியற் காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் அச்சம் அதில் வகித்த பங்கினை மறுத்தல் இயலாது.

ஒளியின் தோல்வியும் வெற்றியும்

தியோடோர் மைமன் 1960இல் முதலாவது லேசரை இயக்கினார். முப்பதாண்டுகளின் பின் அது முன்னிற்குஞ் சுரப்பியை அடைந்தது. மெல்பேணைச் சேர்ந்த அந்தனி கொஸ்ரெல்லோவும் அமெரிக்க மருத்துவர்களும் 1990களின் தொடக்கத்தில், பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சும் இழையினாற் பருமனை வேகவைத்தனர். குருதி ஏறக்குறையச் சிந்தவில்லை. புதுமையில் மயங்கியோர் சத்திரசிகிச்சையின் வரலாறே முடிந்துவிட்டதெனக் கருதினர். ஆனால் வெந்த திசு உடனே வெளியேறவில்லை. அது வாரக்கணக்கில் இறந்து உரிந்தது. அதுவரை வீக்கம் மிகுந்து, வடிகுழாய் நீண்டநாள் இருக்க நேர்ந்தது. எரிவும் கடுப்பும் தொடர்ந்தன. சத்திரசிகிச்சை மேடையில் வென்ற ஒளி, நோயாளரின் கட்டிலில் தோற்றது. இம்முறை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. கருவியின் புதுமையைக் கொண்டு சிகிச்சையை மதிப்பிடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒளியின் உண்மையான வெற்றி நியூசிலாந்தின் ரவுறங்கா என்னும் சிறு நகரிலிருந்து வந்தது. அங்கு பீற்றர் கில்லிங்கும் அவருடன் பணியாற்றியோரும் ஹொல்மியம் லேசரைப் பயன்படுத்தினர். இதன் ஒளியை நீர் உடனே உறிஞ்சிக்கொள்வதால் அது திசுவினுள் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழமே ஊடுருவும்; ஆகவே வெட்டவும், வெட்டிய இடத்து நாளங்களை மூடவும் வல்லது. 1998 அளவில் அவர்கள் வெளியிட்ட முறையில், சிறுநீர் வழியாகச் சென்ற ஒளியிழை பருமனுக்கும் வெளித்தோலுக்கும் இடைப்பட்ட தளத்தைப் பின்பற்றிப் பருமன் முழுவதையும் பிரித்துச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளும்; அங்கு அது நறுக்கி உறிஞ்சப்படும். ஊன்றி நோக்கின், பிறேயரின் விரல் சென்ற அதே தளம் இதுவாகும். விரலின் இடத்தை ஒளி எடுத்துக்கொண்டது. வயிற்றுக் காயமும் வாரக்கணக்கான ஈரப்படுக்கையும் மறைந்தன. உப்புக் கரைசலினாற் கழுவ முடிந்தமையாற் பழைய நீர்க்கலப்பு ஆபத்தும் பெரிதும் அகன்றது. குருதியின் செந்நிறப் பொருளில் உறிஞ்சப்படும் பச்சை ஒளி லேசர், பருமனை ஆவியாக்கும் பிறிதொரு வழியாக இதே காலத்தில் வளர்ந்தது.

இன்று இத்தகைய சிகிச்சை பெறுவோருட் பெரும்பாலோருக்கு வடிகுழாய் ஓரிரு நாட்களில் அகற்றப்படுகின்றது; ஓரிரு இரவுகளில் வீடு திரும்புகின்றனர். ஆயின் வீடு திரும்புதல் வேறு, குணமடைதல் வேறு. சில வாரங்களுக்குச் சிறுநீரிற் செந்நிறம் தோன்றி மறையலாம். எரிவும், அடக்கவியலாத அவசரமும், சிலருக்கு இருமும்போதும் எழும்போதும் கசிவும் இருக்கும். பாரந் தூக்குதலையும் மலச்சிக்கலால் முக்குதலையும் தவிர்க்க வேண்டும். அடைப்பை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடித் தடித்துப்போன சிறுநீர்ப்பைத் தசை, தன் பழைய இயல்புக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம். இணைவிழைச்சின்போது விந்து வெளிவராமற் சிறுநீர்ப்பைக்குட் செல்லும் மாற்றம் பெரும்பாலாரிடத்து நிலையாகவே நின்றுவிடும். ஒளி, குருதியிழப்பையும் படுக்கை நாட்களையும் குறைத்தது. உடல் தனக்கென வைத்திருக்கும் காலத்தை அதனாற் குறைக்க முடியவில்லை. இவற்றை முன்னரே அறியாத நோயாளர், சிகிச்சை தவறிவிட்டதென்று எண்ணி மனமுடைவர்.

முடிவுரை

2024 சனவரியிற் பிரித்தானிய மன்னர் சார்ள்ஸ், முன்னிற்குஞ் சுரப்பி வீக்கத்துக்குத் தாம் சிகிச்சை பெறப்போவதை முன்கூட்டியே அறிவித்தார். மூன்று இரவுகள் வைத்தியசாலையில் தங்கினார். அந்நோய் பற்றி அறிய முற்பட்டோர் தொகை அந்நாட்டிற் சடுதியாகப் பலமடங்கானது. பின்னர் அவரிடத்து வேறொரு புற்றுநோய் கண்டறியப்பட்டமை தனிச்செய்தி. மக்மில்லனின் அச்சத்துக்கும் டி கோலின் இரகசியத்துக்கும் பின் அறுபதாண்டுகள் கழித்து ஓர் அரசர் இதனை வெளிப்படக் கூறினார் என்பதே இங்கு கருதத்தக்கது. கைத்தடிக்குட் குழாயை மறைத்த காலத்திலிருந்து இவ்வளவு தூரம் வருவதற்கு, கருவிகளின் வளர்ச்சிக்குச் சற்றும் குறையாத காலம் தேவைப்பட்டிருக்கின்றது.

எம்மிடையே இந்நாணம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இரவில் நான்கைந்து முறை எழுந்து செல்லும் முதியவர் அதனை மூப்பின் இயல்பென்று மூடிவைக்கிறார். சிறுநீரகம் நலிந்தபின்னரே வைத்தியரை நாடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழிற் செய்வித்தும் காட்டிய வழி, கற்போருக்கு மட்டுமன்றி நோயுற்றோருக்கும் உரியது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் என்ன நிகழும், பின்னர் எது எத்தனை வாரம் நீடிக்கும், எது மாறாது நிற்கும் என்பவற்றை நோயாளரின் சொந்த மொழியில், சொற்களை மழுப்பாது கூறுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அவ்வாறு கூறப்படும் வரை, எத்துணை நுண்ணிய ஒளியைக் கையாண்டாலும் பிறேயர் காலத்து நோயாளரின் தனிமை எமது முதியோரை விட்டு அகலாது.