ஒரு நாட் கடற்பயணத்தின் வரலாறு: அந்தமான் கடலின் பீ பீ தீவுகளை முன்வைத்து ஒரு நோக்கு

உல்லாசப் பயணம் வரலாற்றாய்வுக்குரிய பொருளன்று என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. அரசு, போர், நிலவுடைமை, வாணிபம் என்பனவே வரலாற்றின் பொருள்கள் எனவும், விடுமுறை நாளொன்றில் மனிதர் கடலிற் சென்று நீந்தி மகிழ்ந்து மீள்வது அதற்குப் புறம்பானது எனவும் கருதப்படுகின்றது. ஆயினும் உழைப்பு, வாணிபம், சட்டம், உரிமை என்பன யாவும் அத்தகைய ஒரு நாளின் பின்னணியில் மறைந்து நிற்றல் கூடும். தென் தாய்லாந்தின் மேற்குக் கரையை அடுத்துள்ள பீ பீ தீவுகளுக்கு நிகழும் ஒரு நாட் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பயணத்தின் ஒழுங்கு பெரும்பாலும் ஒரே தன்மையது. காலையிற் புக்கெற் தீவின் துறையொன்றிலே பயணிகள் கூடுவர். வழிகாட்டி அவர்களுக்கு மிதவை அங்கியும், கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடியும், ஸ்நோர்க்கல் எனப்படும் சுவாசக் குழாயும் வழங்குவார். பின்புறத்தில் இரண்டு அல்லது மூன்று மோட்டார்கள் பொருத்தப்பட்ட விசைப்படகு ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தொலைவை ஒரு மணி நேர அளவிற் கடந்து தீவுகளை அடையும். பீ பீ லே தீவின் மாயா விரிகுடா, சுண்ணக்கற் பாறைகள் சூழ்ந்த பிலே நீர்நிலை, படகிலிருந்தவாறே பார்க்கப்படும் வைக்கிங் குகை, முருகைக்கற் பாரின் மேல் மிதந்து மீன்களைக் காணும் ஒரு மணி நேரம், பீ பீ டொன் தீவில் மதிய உணவு, மூங்கில் தீவின் வெண்மணல் என்றவாறு நிகழ்ச்சிகள் தொடரும். மாலையிற் பயணிகள் புறப்பட்ட துறைக்கே திரும்பிவிடுவர்.

இப்பயணம் விளம்பரம் செய்யப்படுகையில் மனிதர் கைபடாத இயற்கை என்ற கருத்தே முன்வைக்கப்படுகின்றது. காலமற்ற கடல், பெயரறியாத் தீவு, தீண்டப்படாத மணல் என்பனவே அங்கு விற்கப்படும் பொருள்கள். ஆனால் மேற்குறித்த தரிப்பிடங்களுள் மனித வரலாற்றின் சுவடு படியாத இடம் ஒன்றேனும் உண்டா என்பது ஆராயத்தக்கது.

முதலாவதாக, இக்கடல் மிகப் பழைய வாணிபக் கடலாகும். பீ பீ தீவுகள் அடங்கிய கிராபி மாகாணத்தின் க்லோங் தோம் என்னுமிடத்திலே பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறிய உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. பெரும்பதன் என்பானுடைய கல் எனப் பொருள்படும் தமிழ்த் தொடர் அதிலே தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. இதனை அறிஞர் கி.பி. 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டுக்கு உரியதாகக் கொள்வர். அதே கரையில், புக்கெற்றுக்கு வடக்கேயுள்ள தக்குவா பா பகுதியிற் கிடைத்த கி.பி. 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்பினை ஏற்ற மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகின்றது. பருவக்காற்றின் துணைகொண்டு வங்கக் கடலைக் கடந்த வணிகர் இக்கரைகளிலே தங்கித் தொழில் செய்தனர் என்பதற்கு இவை சான்றுகளாகும். பிற்காலத்து ஐரோப்பியர் தம் வரைபடங்களிற் புக்கெற்றை யங் சிலோன் எனக் குறித்தனர். இப்பெயர் நம் நாட்டைக் குறிக்கும் சிலோன் என்ற பெயரோடு தொடர்புடையதன்று. ஊஜோங் சாலாங் என்னும் மலாய்ப் பெயரின் திரிபே அதுவாகும்.

இரண்டாவதாக, இக்கடலைத் தம் வாழ்விடமாகவே கொண்ட மக்கள் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். மோக்கென், மோக்லென், ஊராக் லாவோய் எனப்படும் கடல்வாழ் மக்கள் மீன், சிப்பி, கடலட்டை முதலியவற்றைத் தேடித் தீவுக்குத் தீவு சென்று வாழ்ந்தவர்கள். பீ பீ டொன் தீவிலும் ஊராக் லாவோய் மக்களின் குடியிருப்பு உண்டு. இன்றைய பயணிக்குக் கண்ணாடி முகமூடி இன்றிக் கடலடி தெளிவாகத் தோன்றுவதில்லை. மோக்கென் சிறுவர்க்கோ அது தேவைப்படவில்லை. சுவீடன் நாட்டு ஆய்வாளரான அன்னா கிஸ்லேன் என்பாரும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, அச்சிறுவர் நீரினுள் கண்மணியை மிகச் சுருக்கி ஐரோப்பியச் சிறுவரிலும் இரு மடங்கு நுணுக்கமாகக் காண வல்லவராயிருந்தனர். பயிற்சியினால் ஐரோப்பியச் சிறுவரும் இத்திறனைப் பெறலாம் என்பது பின்னர் அறியப்பட்டது. எனவே இதனை இனத்தின் இயல்பென்று கூறுவதிலும் தொழிலினாற் பெற்ற கல்வியென்று கூறுவதே பொருந்தும்.

மூன்றாவதாக, படகிலிருந்து சில நிமிடங்களிற் பார்த்து முடிக்கப்படும் வைக்கிங் குகை உண்மையில் ஒரு தொழிற்களமாகும். அதன் சுவர்களிற் காணப்படும் கப்பல் ஓவியங்களை வைத்து அப்பெயர் எழுந்தது. வட ஐரோப்பிய வைக்கிங் மக்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒருவகை உழவாரக் குருவிகள் தம் உமிழ்நீரினாற் குகைச் சுவரில் அமைக்கும் கூடுகள் சீனரின் உணவிலும் மருத்துவத்திலும் பெருமதிப்புடையன. அவற்றை எடுப்போர் மூங்கிற் சாரங்களிலும் கொடிகளிலும் ஏறி, உயிரைப் பணயம் வைத்து உழைத்தனர். கூடு எடுக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டு வருமானம் பெற்றது. குருவிகள் மீண்டும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க இடம் விடாது எடுத்தால் அடுத்த ஆண்டுக்குக் கூடு இராது. எனவே எப்போது எடுப்பது, எப்போது விடுவது என்ற ஒழுங்கு அத்தொழிலுக்கு இன்றியமையாததாயிற்று. பிற்பகுதியிற் கூறப்படுவதை விளங்கிக்கொள்ள இவ்வொழுங்கினை மனங்கொள்ளல் வேண்டும்.

நான்காவதாக, பயணம் தொடங்கும் புக்கெற் தீவு தன் செல்வத்தைக் கடற்காட்சியினாற் பெற்றதன்று, வெள்ளீயத்தினாற் பெற்றது. 19ஆம் நூற்றாண்டிலே தகர உணவுத் தொழில் வளர, வெள்ளீயத்தின் தேவையும் பெருகியது. தென் சீனத்திலிருந்து பெருந்தொகையான தொழிலாளர் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தனர். 1907ஆம் ஆண்டளவில் கடலடி மண்ணையே வாரியெடுக்கும் மிதவை இயந்திரங்களும் இங்குத் தொழிற்படலாயின. இன்று நீலநிறமாய்த் தோன்றும் இக்கடலின் சில பகுதிகள் அன்று சேறு கலங்கிய சுரங்கங்களாயிருந்தன.

இந்நிலை மாறியமைக்குக் காரணங்கள் பல. 1967இற் சரசின் பாலம் புக்கெற்றைப் பெருநிலத்தோடு இணைத்தது. 1974இல் வெளிவந்த யேம்ஸ் பொண்ட் திரைப்படமொன்றில் அருகிலுள்ள பங் இங்கா விரிகுடாவின் பாறைத்தீவு இடம்பெற்று உலகறியப்பட்டது. 1983இற் பீ பீ தீவுகளை உள்ளடக்கிய தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1985 ஒக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை வீழ்ச்சியுற்றது. 1986 யூன் மாதத்தில் வெள்ளீயக் கழிவிலிருந்து தன்ரலம் என்னும் உலோகத்தைப் பிரிக்கவிருந்த தொழிற்சாலையொன்றினைப் புக்கெற்றிலே மக்கள் திரண்டு தீக்கிரையாக்கினர். சூழல் மாசுறும், உல்லாசப் பயணத்துறை கெடும் என்ற அச்சமே அதற்குக் காரணமாயிருந்தது. ஒரு பொருளாதாரம் முடிந்து மற்றொன்று நிலைபெற்றதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது.

பயணத்தின் கருவிகளுக்கும் தனி வரலாறு உண்டு. நீருக்கு மேலிருந்து காற்றை இழுக்கும் கருவியைச் சுழியோடிகள் பயன்படுத்தியதை அரிஸ்ரோட்டில் அறிந்திருந்தார். யானையின் துதிக்கையை அவர் அதற்கு ஒப்பிட்டுள்ளார். காலில் அணியும் நீந்துதுடுப்புக்குப் பிரெஞ்சுக்காரரான லூயி டி கொர்லியூ 1933இற் காப்புரிமை பெற்றார். ஸ்நோர்க்கல் என்ற சொல்லோ ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் காற்றுக்குழாய்க்கு இடப்பட்ட பெயரிலிருந்து வந்தது. படகின் பின்புறத்திற் பொருத்தும் மோட்டார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே வாணிபப் பொருளாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. இவையாவும் ஒன்றுசேர்ந்தமையாலேயே நீந்தத் தெரியாதவரும் அரை மணி நேரப் பயிற்சியோடு கடலடியைக் காணக்கூடியதாயிற்று. இது சிறிய பேறன்று. முன்னர்ச் சுழியோடிக்கு மட்டுமே உரியதாயிருந்த காட்சி பொதுமக்களுக்கும் உரியதாயிற்று.

ஆனால் அப்பேற்றின் விலை விரைவிலேயே வெளிப்பட்டது. 1999இல் ஹொலிவூட் திரைப்படக் குழுவொன்று மாயா விரிகுடாவிற் படப்பிடிப்பு நடத்தியது. தீண்டப்படாத கடற்கரையாகத் திரையிலே தோன்ற வேண்டி, கரையின் மணல்மேடுகள் இயந்திரத்தினால் மாற்றியமைக்கப்பட்டன. தென்னைகள் கொண்டுவந்து நடப்பட்டன. இயற்கையின் தோற்றத்துக்காக இயற்கையே திருத்தப்பட்டமை கவனிக்கற்பாலது. இது தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கு பல்லாண்டுகள் நீடித்தது. 2022இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம், கடற்கரையைச் சீரமைக்கும் பொறுப்பு வனத் திணைக்களத்தினுடையது என்ற தீர்ப்பினை உறுதிசெய்தது.

இடையில் 2004 டிசெம்பர் 26ஆம் நாள் நம் கிழக்குக் கரையையும் வடக்குக் கரையையும் அழித்த அதே ஆழிப்பேரலை பீ பீ டொன் தீவின் தாழ்ந்த நடுப்பகுதியை இரு புறத்தாலும் தாக்கியது. பல நூறு உயிர்கள் பலியாயின. அதே காலையிற் சுரின் தீவுகளில் வாழ்ந்த மோக்கென் மக்கள், கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்கியதைக் கண்டு முன்னோர் கூறிய கதைகளை நினைவுகூர்ந்து உயர்நிலம் ஏறித் தப்பினர். காட்சிப் பொருளாகக் கடலை அறிந்தோருக்கும் வாழ்வாகக் கடலை அறிந்தோருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

பேரலையின் பின் தீவுகள் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டன. பயணிகள் முன்னரிலும் பெருகினர். ஏறக்குறைய 250 மீற்றர் நீளமேயுடைய மாயா விரிகுடாக் கரைக்கு நாளொன்றுக்கு 5000 பேருக்கு மேல் வரலாயினர். படகுகளின் நங்கூரங்கள் முருகைக்கற்களை உடைத்தன. சுழலிகள் மணலைக் கிளறின. வெறுங்காலோடு நின்றோர் உயிருள்ள பாரினை மிதித்தனர். 2010இற் கடல்நீரின் வெப்பம் உயர்ந்தமையால் அந்தமான் கடலெங்கும் முருகைக்கற்கள் வெளிறியிருந்தன. அவ்வாறு நலிந்த பாருக்கு இம்மிதிப்பும் மேலதிகச் சுமையாயிற்று. இறுதியில் 2018 யூன் மாதம் முதலாம் நாள் விரிகுடா மூடப்பட்டது. நான்கு மாதங்களுக்கென அறிவிக்கப்பட்ட மூடல் மூன்றரை ஆண்டுகள் நீண்டது. முருகைக்கற் கிளைகள் மீள நடப்பட்டன. மூடப்பட்ட சில மாதங்களுக்குள்ளேயே கருநுனிச் செட்டைகளையுடைய சிறு சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பின.

2022 சனவரி முதலாம் நாள் விரிகுடா மீளத் திறக்கப்பட்டபோது விதிகள் மாறியிருந்தன. படகுகள் விரிகுடாவினுள் நுழைதல் ஆகாது. தீவின் பின்புறத்திலுள்ள மிதவைத் துறையில் இறங்கி நடந்தே வரவேண்டும். ஒரு வேளையில் 375 பேருக்கு மேல் அனுமதியில்லை எனவும், நீந்துதல் கூடாது எனவும் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் விரிகுடாவை மூடும் வழக்கமும் அவ்வாண்டு தொடங்கியது. முருகைக்கற்களுக்குத் தீங்கு விளைக்கும் இரசாயனங்கள் கலந்த வெயிற்பூச்சுகள் கடற் பூங்காக்களில் 2021ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டிருந்தன.

இந்த இரு மாத மூடலிலே வரலாற்று மாணவர் கருதத்தக்க பொருளொன்று உண்டு. பழைய வணிகருக்கும் மீனவருக்கும் கடல் ஆண்டு முழுவதும் திறந்திருந்ததில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அது தானாகவே மூடிக்கொண்டது. விசைப்படகு அந்தக் கதவை உடைத்தது. அதன் அபாயத்தை, மாயா விரிகுடா மூடப்பட்ட அடுத்த மாதமே, 2018 யூலை 5ஆம் நாள் புக்கெற் கடலிற் புயலில் மூழ்கிய படகொன்றும் அதில் இறந்த 47 சீனப் பயணிகளும் உணர்த்தினர். பருவமழையின் நடுவே விரிகுடாவை மூடும் இன்றைய சட்டம், காற்று முன்னர்ச் செய்த வேலையை ஓரளவு மீண்டும் செய்கின்றது. குருவிக்கூடு எடுப்போர் கைக்கொண்ட ஒழுங்கும் இதுவே. கூட்டை எடுப்பவன் கையோடு ஒரு பொருளைக் கொண்டு செல்கின்றான்; அதனால் அளவு வேண்டுமென்பது எளிதில் விளங்கிற்று. காட்சியைக் காண்பவன் எதனையும் கொண்டு செல்லவில்லை என எண்ணப்பட்டமையால் அங்கு அளவு தேவையெனத் தோன்றவில்லை. காண்பதும் ஒருவகை அறுவடையே என்பதை மாயா விரிகுடா நிறுவிவிட்டது.

எனினும் விதிகளால் யாவும் சீர்பெற்றன எனக் கொள்ளல் ஆகாது. தேசியப் பூங்காவின் எல்லைகள் வரையப்பட்டபோது, கடல்வாழ் மக்கள் தலைமுறைகளாக மீன்பிடித்த பகுதிகள் பல தடைசெய்யப்பட்ட பகுதிகளாயின. அவர்களது குடியிருப்பு நிலங்களுக்கு உறுதிப் பத்திரங்களோடு பிறர் உரிமை கோரினர். கடலை நன்கு அறிந்தோர் அதன் காவலராகாது, சில இடங்களில் அத்துமீறியோராகவும், வேறு சில இடங்களிற் பிறர் படகுகளின் கூலியாட்களாகவும் ஆயினர். முருகைக்கல்லுக்குக் கிடைத்த ஓய்வு போற்றத்தக்கது. அம்மக்களின் உரிமைக்கும் அத்தகைய கவனம் கிட்டுதல் வேண்டும்.

ஆகவே ஒரு நாட் பயணி முகமூடி அணிந்து நீரிற் குனிந்து காண்பது காலமற்ற இயற்கையை அன்று. உரைகல்லோடு வந்த பொற்கொல்லனும், கூடு எடுத்த தொழிலாளியும், ஈயம் வாரிய கூலியாளும், மூச்சடக்கிச் சுழியோடிய மோக்கென் சிறுவனும் உழைத்த கடலையே அவர் காண்கின்றார். பயணிகளுக்குச் சுவாசக் குழாயின் பயன்பாட்டைக் கற்பிக்கும் வழிகாட்டி, அவர்களின் பெயர்களையும் ஓரிரு வார்த்தைகளிற் கூறுவாராயின், அப்பயணம் கல்வியாகவும் அமையும். கடலிடமிருந்து எவ்வளவு பெறலாம், எப்போது விலகி நிற்க வேண்டும் என்ற அறிவும் அதனோடு வளரும்.