மழை லீவும் மதியச் சோறும்

சேலம் அம்மாபேட்டையில் அடைமழை பிடித்தால் முதலில் நிற்பது தறி. பள்ளிக்கூடம் நிற்பது அதற்குப் பிறகுதான். நான் இந்த ஊரில் பிறந்து, இங்கேயே தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா குழித்தறியில் பருத்தி வேட்டி நெய்தவர். அதனால் மழை விடுமுறையை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் லீவு கிடைக்காதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியாரான பிறகு, லீவு விட்டால் இந்தப் பிள்ளைகள் மதியம் என்ன சாப்பிடும் என்று அதே வானத்தைப் பார்த்தேன்.

சேலத்துச் சமவெளிக்குக் குளிர்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். மார்கழிப் பனிக்கு எந்தப் பள்ளியும் மூடியதில்லை. மப்ளரைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் வந்துவிடும். எங்கள் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையிலும் பங்கு வாங்குகிறது. பகலெல்லாம் புழுங்கி, மாலையில் இடித்து, இரவில் கொட்டித் தீர்ப்பது இங்கே வழக்கம். விடியும்போது மழை நின்றிருக்கும், தெருவில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரும் முழுக்க நம் தலைக்கு மேல் பெய்தது அல்ல. வடக்கே சேர்வராயன் மலை இருக்கிறது. ஏற்காட்டுப் பக்கம் பெய்த மழை ஓடைகளாக இறங்கி, திருமணிமுத்தாறாக நகரத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வழியில் கால்வாய் அடைபட்டிருந்தால் பச்சப்பட்டி, நாராயண நகர், கிச்சிப்பாளையம் என்று தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்துவிடும். குமரகிரி ஏரி நிரம்பினால் அம்மாபேட்டைக்காரர்கள் சந்தோஷப்படவும் செய்வார்கள், பயப்படவும் செய்வார்கள்.

இந்தத் தண்ணீர் தறிக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். குழித்தறி என்பது தரையில் குழி வெட்டி, நெசவாளி அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறி. நாலு நாள் விடாமல் பெய்தால் குழிக்குள் நீர் ஊறும். சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாலும் மறுபடி ஊறும். பருத்திப் பாவுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்கு, தெருவிலோ பாவடியிலோ அதிகாலையில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள்; அது காய வெயில் வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலை நடக்காது. முன்பே போட்ட பாவு தறியில் இருந்தாலும், நூல் ஈரம் இழுத்து நமுத்து, இழை இழையாக அறும். அறுந்ததைப் பிணைத்துக்கொண்டே இருந்தால் துணி வளராது. துணி வளராவிட்டால் கூலி இல்லை. நெய்த உருப்படிக்குத்தான் காசு. தீபாவளிக்கு வேட்டியும் சேலையும் அதிகம் கேட்கிற மாதமும் ஐப்பசிதான், அடைமழை மாதமும் ஐப்பசிதான். நூல் கொடுத்து நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கியவர் மளிகைக் கடையிலும் பற்று வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருப்பார்.

மழை விட்டதும் இழந்ததைப் பிடிக்க வீடே வேலையில் இறங்கும். அம்மா ராட்டையில் உட்கார்ந்தால் பிள்ளைகள் ஊடை நூலைத் தார் சுற்ற வேண்டும். அரசாங்கம் விட்ட மழை லீவு ஒரு நாள்தான். வருகைப் பதிவேட்டில் அது நாலைந்து நாளாக நீளும். வாத்தியாராக நான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறேன். "தீபாவளி கழியட்டுங்க சார், அனுப்பிடறோம்" என்பார்கள். அதில் பொய் இருக்காது. தீபாவளி கழிந்ததும் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

இங்கே ஒரு பழைய சண்டையையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 1953இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, தொடக்கப் பள்ளியில் தினம் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி அதற்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி நடந்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ராஜாஜி சேலத்துக்கு அந்நியர் அல்ல. இங்கே வக்கீல் தொழில் செய்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். தறிச் சத்தம் கேட்காமல் இந்த ஊரில் ஒருவர் வாழ்ந்திருக்க முடியாது. ஆனால் தறி வீட்டுப் பையன் மதியத்துக்கு மேல் கற்றுக்கொள்ளப் புதிதாக எதுவும் கிடையாது என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். அவன் அதை மழை லீவிலேயே கற்று முடித்துவிட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது பள்ளியில் இன்னும் கொஞ்ச நேரமும், ஒரு வேளைச் சோறும்.

சோற்றுக்கு வருவதற்கு முன், லீவு என்ற செய்தி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா காலத்துச் சேலம் மாவட்டம் மிகப் பெரியது. ஓசூர், தருமபுரி, ஊத்தங்கரை, நாமக்கல் எல்லாம் அதற்குள் அடக்கம். 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது. தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஓசூரில் சாரல், நாமக்கல்லில் வெயில், சேலத்தில் வெள்ளம் என்று ஒரே காலையில் இருக்கக்கூடிய நிலப்பரப்பு அது. மாவட்டம் முழுக்க ஒரே உத்தரவு பொருந்தாது. நான் பையனாக இருந்தபோது எங்கள் பள்ளிக்கு மழை லீவு விட்டவர் பெரிய வாத்தியார்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளி வாசலில் நிற்பார். ஓடு ஒழுகுகிறதா, கொல்லைச் சுவர் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பார். வந்த பிள்ளைகளை எண்ணுவார். "எல்லாரும் நேரா வீட்டுக்குப் போங்கடா, ஓடைப்பக்கம் எவனும் போகக் கூடாது" என்பார். அதுதான் உத்தரவு. செய்தி தெருவுக்குள் பரவ டீக்கடையும், குழாயடியும், நூல் வாங்கப் போகிற கூட்டுறவுச் சங்கத் திண்ணையும் போதும்.

வானொலி இருந்தது. திருச்சி நிலையம் 1939 முதல் ஒலிபரப்புகிறது. காலை ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியை டீக்கடையில் கூட்டமாக நின்று கேட்போம். வங்கக் கடலில் புயல் என்று அதில் சொல்வார்கள். அம்மாபேட்டைப் பள்ளி உண்டா இல்லையா என்று சொல்ல மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கல்வி அலுவலகத்திலிருந்து சைக்கிளில் உதவியாளர் சுற்றறிக்கை நோட்டைக் கொண்டுவருவார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் நனைந்து வந்து சேரும்போது மணி பத்தரை ஆகியிருக்கும். பிள்ளைகள் வந்து, நனைந்து, உட்கார்ந்து, பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

பிறகு டிவி வந்தது, உள்ளூர் கேபிள் வந்தது, திரையின் அடியில் எழுத்து ஓடத் தொடங்கியது. முடிவெடுக்கும் அதிகாரம் மெல்ல மாவட்ட ஆட்சியரிடம் போய்ச் சேர்ந்தது. வானிலை அறிக்கையும் குழந்தைகளின் செய்தியாயிற்று. சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினால் லீவு உறுதி என்று நம்பிய ஒரு தலைமுறை உண்டு. அவர் 2016இல் ஓய்வு பெற்றார். இப்போது ஆட்சியரின் அறிவிப்பு கைபேசிக்கே வருகிறது. அதற்கு முன்பே போன வருஷத்து அறிவிப்பைத் தேதி மாற்றி யாராவது வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருப்பார்கள். மழைக் காலை என்றால் பழைய பெற்றோர்கள் இப்போதும் எனக்கு போன் செய்வார்கள். "சார், இன்னிக்குப் பள்ளிக்கூடம் உண்டுங்களா? உண்டுன்னா உலையில அரிசி கம்மியாப் போடுவேன்" என்று ஒரு பாட்டி கேட்டார். அவர் கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

காமராஜர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று கிராமப்புறங்களில் சத்துணவுத் திட்டம் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. பள்ளியில் சோறு வந்ததிலிருந்து மழை லீவின் பொருளே மாறிப்போனது. அதற்கு முன் பள்ளி மூடினால் ஒரு நாள் பாடம் போனது. அதற்குப் பின் பாடத்தோடு சோறும் போயிற்று. கூலி நின்ற அதே நாளில் சோறும் நிற்கிறது. தறியை நிறுத்துவதும் பள்ளியை நிறுத்துவதும் ஒரே மழை. இரண்டும் வந்து விழுவது ஒரே வீட்டில்.

சத்துணவுக் கூடத்தில் அரிசி அளந்து, உலை வைத்து, முட்டை எண்ணி வைத்த பிறகு லீவு அறிவிப்பு வந்த நாட்கள் உண்டு. வந்துவிட்ட பிள்ளைகளைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவேன். அதற்குப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்பது வேறு தலைவலி. இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் ஒரு பிள்ளைக்கு மழை லீவு என்றால் இன்று இரண்டு வேளை போகிறது.

ஆடி விடுமுறையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குச் சேலம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அது முன்கூட்டியே அறிவிக்கப்படும். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராத விடுமுறை, கருவூலங்கள் குறைந்த ஆட்களோடு இயங்கும் என்ற வரியும் உத்தரவில் தவறாமல் இருக்கும். அம்மாபேட்டையில் அந்த வாரம் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேடம் போட்டு அலங்கார வண்டியில் ஊர்வலம் வருவார்கள். வீட்டில் பொங்கல் இருக்கும், கறிக்குழம்பு இருக்கும், உறவு வந்திருக்கும். அந்த லீவில் எந்தப் பிள்ளையும் பட்டினி கிடந்ததில்லை. மழை லீவு சொல்லாமல் வருகிறது, வீட்டில் ஒன்றும் இல்லாத நாளாகப் பார்த்து வருகிறது. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 என்று கேட்கிறது. அதனால் போன நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டலாம். பாடத்தை ஈடுகட்டலாம், திங்கட்கிழமைப் பசியைச் சனிக்கிழமைச் சோறு தீர்க்காது.

அண்மையில் பார்த்த பெரிய மழை ஃபெஞ்சல் புயலுடையது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று, பிறகு உள்நாட்டுக்குள் மெதுவாக வந்தது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. கடலே இல்லாத ஊருக்கு அவ்வளவு மழை. ஏற்காட்டிலும் கனமழை, மலைப்பாதையில் மண் சரிந்தது. அன்று திங்கட்கிழமை, சேலம் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு லீவு. விட்டது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளத்தில் ஒரு பிள்ளை அடித்துப் போவதைவிட ஆயிரம் பாடம் போகலாம். திங்கட்கிழமை காலை உணவு உப்புமாவும் சாம்பாரும். அது அன்று யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பனி கொட்டும் நாடுகளில் வானிலைக்காகப் பள்ளியை மூடுவது பழைய வழக்கம். அமெரிக்காவில் விடியுமுன் கல்வி அதிகாரி முடிவெடுத்துச் சொல்கிற 'பனி நாள்' குழந்தைகளின் கொண்டாட்டமாகவே இருந்தது. 2024 பிப்ரவரியில் நியூயார்க் நகரம் பனி நாளன்று பள்ளியை மூடாமல் கணினி வழியே பாடம் நடத்தப் பார்த்தது. பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. பாடத்தைக் கம்பி வழியே அனுப்பிவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும் சோற்றை அனுப்ப முடியாது.

ஆனால் அரிசியை அனுப்பலாம். அதை நாமே செய்திருக்கிறோம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும், பிறகு முட்டையும் வீட்டுக்குக் கொடுக்கத் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. கணக்கு வைக்க வழி இருந்தது, கொடுக்க ஆள் இருந்தது, சத்துணவு மையங்கள் இருந்தன. நீண்ட மூடலுக்குச் செய்ததை இரண்டு நாள் மூடலுக்கும் செய்யலாம். ஒவ்வொரு மழைக்கால முடிவிலும், எத்தனை நாள் மழை லீவு விடப்பட்டதோ அத்தனை நாள் அரிசி, பருப்பு, முட்டையைக் கணக்கிட்டு அந்தந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். புரட்டாசியிலேயே சில நாள் அளவை முன்கூட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. லீவு விடும் அதிகாரம் ஆட்சியரிடமே இருக்கட்டும். ஆடி விடுமுறை உத்தரவில் கருவூலம் இயங்கும் என்று ஒரு வரி சேர்க்க முடிகிற நமக்கு, மழை லீவு உத்தரவில் பிள்ளைகளின் உணவுப் பங்கு வீடு சேரும் என்று இன்னொரு வரி சேர்ப்பது கஷ்டமில்லை. அடுத்த ஐப்பசிக்குள் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.