அணையாமல் எரியும் கேஸ் கீசர்: உடனடியாகச் செய்ய வேண்டியவையும் கார்பன் மோனாக்சைடு நச்சும்

குழாயை மூடிய பின்னும் கேஸ் கீசர் அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், காரணத்தை ஆராய்வதற்கு முன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூட வேண்டும். குளியலறையில் எவரேனும் இருந்தால் உடனே வெளியே வரச் செய்து, கதவையும் சன்னலையும் திறந்துவிட வேண்டும். கீசரின் மூடியைக் கழற்றுவதோ வெந்நீர்க் குழாயை உடனே திறந்து பார்ப்பதோ கூடாது. நீரோட்டம் நின்ற பிறகும் அடுப்பு எரிந்திருப்பின் உள்ளிருக்கும் நீர் கொதிநிலையை எட்டியிருக்கும். குழாயைத் திறந்தால் ஆவியும் கொதிநீரும் பீறிட்டு வரும். அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும்.

எரிவாயு நாற்றம் வீசினால் மின்விளக்கு, காற்றுப்போக்கி விசிறி உள்ளிட்ட எந்த மின் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. அனைவரும் வெளியேறிய பின், 1906 என்ற எரிவாயுக் கசிவு அவசர எண்ணை வெளியிலிருந்து அழைக்க வேண்டும்.

ஏன் அணையவில்லை?

இவ்வகைக் கீசரில் நீரோட்டமே சாவி. குழாயைத் திறந்ததும் ஓடும் நீரின் அழுத்தம் உள்ளே உள்ள ஒரு ரப்பர்ச் சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு சிறு தண்டைத் தள்ளும். தண்டு எரிவாயு வழியைத் திறந்து, பேட்டரியால் இயங்கும் தீப்பொறியையும் இயக்கும். குழாயை மூடினால் சவ்வு பின்வாங்கி, எரிவாயு அடைபட வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் பயன்படும் வீடுகளில் தண்டின் மீது வெண்படிவம் படிந்து, அது உள்ளே சிக்கிக்கொள்ளக்கூடும். சவ்வு தளர்வதும், எரிவாயுவை அடைக்கும் வால்வு பழுதாவதும் பிற காரணங்கள். இம்மூன்றும் பயிற்சி பெற்ற பழுதுநீக்குநர் செய்ய வேண்டிய வேலை. பழுது நீங்கும் வரை ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும். வீட்டிலுள்ளோர் சரிபார்க்கக்கூடியது ஒன்று உண்டு. அதே கீசரிலிருந்து நீர் பெறும் வேறொரு குழாய் முழுமையாக மூடப்படாமல் இருந்தாலும், எங்கேனும் நீர் கசிந்தாலும், கீசர் அதனை நீரோட்டம் என்றே கொள்ளும்.

பல கீசர்கள் 20 நிமிடம் தொடர்ந்து எரிந்தால் தாமே அணையும்படி அமைக்கப்பட்டுள்ளன. சிலர் இதனைப் பழுதென்று கருதி, குழாயை மூடித் திறந்து மீண்டும் எரியவைக்கின்றனர். அது பழுதன்று, உயிர்க்காப்பு.

நாற்றமில்லாத நச்சு

சமையல் எரிவாயுவில் கசிவை அறிவதற்காக நாற்றமூட்டி சேர்க்கப்படுகிறது. ஆனால் அது காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, நாற்றமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. “வாசனை எதுவும் வரவில்லை” என்று சொல்லி நிம்மதி அடைவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் வாடகை வீடுகளில் தொழிற்சாலைப் பணியாளர்கள் பலர் சேர்ந்து வாழ்கின்றனர். ஷிப்ட் முடிந்து வருவோரும் அடுத்த ஷிப்டுக்குப் புறப்படுவோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும்போது கீசருக்கு ஓய்வே இராது. 4 அடி அகலம், 6 அடி நீளம், 8 அடி உயரமுள்ள குளியலறையில் ஏறத்தாழ 5,400 லிட்டர் காற்று இருக்கும். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13,000 லிட்டர் காற்று தேவை. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயுவை எரிக்கவல்லது. அதாவது, கால் மணி நேரத்தில் அந்த அறையின் காற்றில் பாதிக்கும் மேற்பட்ட அளவு அதற்குத் தேவைப்படுகிறது. மார்கழிக் குளிருக்கு வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிட்டால், அந்தக் காற்று வரும் வழியே இல்லை. குளிப்பவர் சுவாசிப்பதும் அதே காற்றைத்தான்.

உள்ளிழுத்த கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் பிணைகிறது. மூளையும் இதயமும் முதலில் பாதிக்கப்படுகின்றன. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி ஆகியவை தொடக்க அறிகுறிகள். ஆபத்தை உணர்ந்தும் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க இயலாத நிலை விரைவில் வரலாம். பின்னர் மயக்கமும் வலிப்பும் ஏற்படும். குளியலறையில் விழுந்து கிடப்பவருக்குக் காக்காய் வலிப்பு, சர்க்கரைக் குறைவு, பக்கவாதம் என்று குடும்பத்தினர் எண்ணுவது இயல்பே. கேஸ் கீசரால் நேர்ந்த இத்தகைய மயக்கத்தையும் வலிப்பையும் இந்திய நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்துள்ளனர்.

2020 சனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் குளிர்மலை ஊரில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற எட்டுப் பேர் விடுதி அறையில் உயிரிழந்தனர். நால்வர் குழந்தைகள். அங்கே எரிந்தது கீசர் அன்று, அறையைச் சூடாக்கும் எரிவாயுக் கணப்பு. ஆயினும் மூடிய அறையும் எரியும் வாயுவும் ஒன்றே.

குளித்து முடித்த ஒவ்வொரு முறையும் தலைவலி வந்து, வெளிக்காற்றில் அது தணிந்தால் கீசரை ஐயுற வேண்டும். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால் ஐயம் வலுப்படும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், இதய நோயாளிகள், இரத்தசோகை உள்ளோர் குறைந்த அளவிலேயே பாதிப்படைவர். தாய்க்கு அறிகுறி லேசாக இருப்பினும் கருவிலுள்ள குழந்தைக்குப் பாதிப்பு மிகுதியாக இருக்கலாம். கர்ப்பிணிகள் கட்டாயம் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மயங்கியவரை மீட்டல்

தட்டியும் பதில் வராவிடில் கதவை உடைக்கத் தயங்க வேண்டாம். மீட்பவர் வெளியே ஆழ்ந்து மூச்செடுத்து, உள்ளே நிற்காமல், மயங்கியவரை உடனே திறந்த வெளிக்கு இழுத்து வர வேண்டும். அதே வேளையில் மற்றொருவர் ரெகுலேட்டரை மூடி, 108-ஐ அழைக்கட்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். மூச்சு இல்லையெனில் மார்பு அழுத்த முதலுதவியைத் தொடங்கவும். மயக்கத்தில் இருப்பவருக்கு நீரோ, சோடாவோ புகட்டக் கூடாது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை இங்கே நம்ப இயலாது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த இரத்தத்தையும் அக்கருவி ஆக்சிஜன் நிறைந்த இரத்தமாகவே கணக்கிடும். 98 என்று காட்டும்போதே நோயாளி ஆபத்தில் இருக்கலாம். எனவே “கேஸ் கீசர் எரிந்த அறையில் இருந்தார்” என்ற தகவலை ஆம்புலன்ஸ் பணியாளரிடமும் மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் சிகிச்சையின் திசையை மாற்றும். சாதாரணக் காற்றில் இந்நச்சின் அளவு பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகக்கவசம் வழியே செறிவான ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

கொதிநீர் பட்டிருந்தால் அவ்விடத்தைக் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இட்லி மாவு, பற்பசை, மை ஆகியவை வேண்டாம்.

கீசர் இருக்க வேண்டிய இடம்

குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் கீசரையும் சிலிண்டரையும் வைத்து, வெந்நீரைக் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே சரியான முறை. வாடகை வீடாயின் உரிமையாளரிடம் இதனைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். மாற்றும் வரை வாளியில் வெந்நீரைப் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்று மாறிய பின் குளிக்கலாம். காற்றுப்போக்கி விசிறி மட்டும் போதாது. கதவின் அடியில் காற்று நுழைய வழியில்லாவிடில் அது வீணே சுழலும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கருவியையே வாங்கவும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ பயன்பாட்டை நிறுத்திப் பழுதுநீக்குநரை அழைக்கவும்.

வீடு திரும்பிய பின்

நச்சிலிருந்து மீண்டு நலமாக வீடு திரும்பியவருக்கும் சில நாட்கள் முதல் சில வாரங்கள் கழித்து மறதி, குழப்பம், எரிச்சல், நடையில் தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்பாடின்மை ஆகியவை தோன்றலாம். நோயாளி இதனைத் தாமே உணர்வது அரிது. உடன் இருப்போரே கவனிக்க வேண்டும். வேலையில் வழக்கத்துக்கு மாறான பிழைகள் நேர்வதாக உடன் பணிபுரிவோர் சொன்னாலும் அதனைப் புறக்கணியாமல், வெளியேற்றச் சீட்டுடன் மருத்துவமனைக்கு மீண்டும் அழைத்து வாருங்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை இயந்திரங்களை இயக்குவதும் வாகனம் ஓட்டுவதும் கூடாது.