குறைத்துக் கெட்டித்த மருந்து

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து வெளியே வந்து காந்தி மண்டபம் சாலையில் தெற்கே நடந்தால், சற்று நேரத்தில் கிண்டிக் காட்டின் மரங்கள் தென்படும். ஒரு காலத்தில் வெள்ளையர்களின் வேட்டைக் காடு அது. கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரிடமிருந்த இந்த நிலத்தை 1821இல் 35,000 ரூபாய்க்கு அரசு வாங்கியது. 1978இல் அது தேசியப் பூங்காவாயிற்று. இன்று புள்ளிமானும் வெளிமானும் துப்பாக்கிச் சத்தம் அறியாமல் அங்கே மேய்கின்றன.

ஜிம் கார்பெட்டின் குமாவுன் வேட்டைக் கதைகளை (1944) மறுபடியும் வாசித்த ஒரு மாலையில் அந்த வேலியோரம் நடந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. 1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொல்லப் போனபோது அவர் கையிலிருந்தது .500 இரட்டைக் குழல் ரைபிள். உடன் மூன்றே தோட்டாக்கள். மட்டுப்படுத்திய கார்டைட் மருந்து கொண்ட தோட்டாக்கள் அவை. பெரிய மிருகத்தை வீழ்த்தச் செய்த துப்பாக்கியில் மருந்தை ஏன் குறைக்க வேண்டும்?

விடை உலோகத்தில் இருக்கிறது. அந்த ரக ரைபிள்கள் கருமருந்துக்காகப் பிறந்தவை. 1889இல் ஏபெலும் டூவரும் கண்டுபிடித்த கார்டைட், கயிறு போல இழையிழையாக வரும் புகை குறைந்த மருந்து. அதை முழு அளவில் இட்டால் பழைய குழல் தாங்காது. .500 ரைபிளின் முழுக் கார்டைட் தோட்டாவில் 570 கிரெயின் குண்டுக்கு 80 கிரெயின் மருந்து. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2150 அடி. பழைய குழல்களுக்கென்று செய்த தோட்டாவிலோ 440 கிரெயின் குண்டு, 55 கிரெயின் மருந்து, ஏறத்தாழ 1900 அடி. (ஒரு கிராம் என்பது பதினைந்து கிரெயினுக்குச் சற்று மேல்.) இதை மனம்போனபடி குறைக்கவும் முடியாது. இரட்டைக் குழல்களை ஒரே இலக்கில் சேரும்படி இணைத்துப் பற்றவைத்திருப்பார்கள். மருந்து மாறினால் இரு குண்டுகளும் வெவ்வேறு இடத்தில் போய் விழும்.

கார்டைட்டுக்கு முன், அளவு என்பது வேட்டைக்காரனின் கையிலேயே இருந்தது. 1840களில் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸிடம் செய்வித்த ரைபிள் 21 பவுண்டு எடை. ஒரு முறை சுட 16 டிராம் கருமருந்து, அதாவது 28 கிராம். பின்னாளில் ஆப்பிரிக்காவில் அவர் வைத்திருந்த 'பேபி' என்னும் துப்பாக்கி அரைப் பவுண்டு குண்டைச் சுட்டது. முன்னதன் நான்கு அவுன்சு குண்டைப் போல இருமடங்கு எடை. மருந்தோ 10 டிராம்தான். அப்படிக் குறைத்தும் அதன் உதை அவரைச் சுழற்றிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

நம் வெயிலும் ஒரு காரணம். சூடேறினால் கார்டைட் எரியும்போது எழும் அழுத்தம் கூடும். ஆகவே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பும் தோட்டாக்களில் மருந்தைச் சற்றுக் குறைத்தே அடைத்தார்கள் இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள். அதே கார்டைட்டை ராணுவத்துக்காக இந்தியாவிலேயே செய்ய, குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலை எழுந்தது. அது இன்றும் இயங்குகிறது.

தோட்டாவைப் பிரித்து மறுபடி நிரப்பும் கை அரசாங்கத்தையும் அச்சுறுத்தியது. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் பல கலகக்காரர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றின் குழல் .450. வேட்டைத் தோட்டாவும் அதே அளவாயிருந்தால், குண்டைப் பிடுங்கி மார்ட்டினித் தோட்டாவில் நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா? 1907ஐ ஒட்டி .450 ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் இந்தியாவில் தடை வந்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470 என்று புதிய அளவுகளைச் செய்து தடையைச் சுற்றிப் போனார்கள். பெரிய வேட்டை ரைபிள்களின் விநோதமான எண்களுக்குப் பின்னால், பெயர் தெரியாத ஓர் எல்லைப்புறக் கைவினைஞனின் விரல்கள் இருக்கின்றன.

இதுவரை சொன்ன குறைப்பெல்லாம் குழலுக்காக, வெயிலுக்காக, சுடுகிறவனின் தோளுக்காக. மிருகத்துக்காக யாரும் குறைக்கவில்லை. நேர்மையான வேட்டைக்காரன், குறைந்த விசைக்கு ஏற்ப அருகே போனான், பொறுத்துச் சுட்டான். மற்றவர்கள் சுட்ட மிருகம் காயத்தோடு காட்டுக்குள் போயிற்று.

சம்பாவத் புலி அதற்குச் சாட்சி. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்தப் புலியின் வாயை, அது வீழ்ந்த பின் கார்பெட் திறந்து பார்த்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. என்றோ யாரோ சுட்ட குண்டின் வேலை. இயல்பான இரையைக் கொல்ல முடியாமற்போனதால்தான் அது மனிதரை நாடியது என்பது அவர் முடிவு. கொல்லாத குண்டு ஒன்று படைத்த புலியை, மட்டுப்படுத்திய மருந்து காயப்படுத்தியது. மூன்று தோட்டாக்களும் தீர்ந்தபின் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கித்தான் அவர் அதை முடிக்க நேர்ந்தது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன், பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்களின் அரைகுறைக் குண்டுகள் புலியையும் சிறுத்தையையும் ஊனமாக்கி ஆட்கொல்லியாக்கியதைத் திரும்பத் திரும்ப எழுதினார். அந்த விவசாயியைப் பழிக்கவும் மனம் வரவில்லை. துரை கணக்குப் பார்த்து மருந்தைக் குறைத்தார். இவன் வாங்க வழியில்லாமல் குறைத்தான். துரையின் கணக்கு புத்தகமாயிற்று. இவனுடையது புலியின் தாடையில் மட்டும் பதிவாகியிருக்கிறது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையும் முடிந்தது. எத்தனை கிரெயின் என்ற கேள்வி நமக்கு இனி வரலாறு மட்டுமே. நம் மொழி வெடிக்கும் பொருளையும் நோய் தீர்க்கும் பொருளையும் மருந்து என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. வேட்டை இலக்கியத்தை வாசிக்கும்போது இலக்கைத் தாக்கிய குண்டுகளின் பெருமை நம்மை எளிதில் ஈர்த்துவிடுகிறது. தவறிய குண்டுகள் எங்கே போயின என்றும் கேட்டு வாசிக்கலாம். அன்று மாலை வேலிக்கு அப்பால் ஒரு கலைமான் நின்று என்னைப் பார்த்தது. ஓடவில்லை.